ஆறு மணிக்குத் தானாகப் போனது

'மார்க்கெட்டிங் ஆட்டோமேஷன் மேனேஜர் தேவை' என்று
விளம்பரம் கொடுத்தோம்.
முதலில் வந்த மூன்று போனும்
கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரர்களுடையது.
வண்டி சொந்தமா, கம்பெனியுதா என்றார்கள்.
சிங்காரப்பேட்டைக்காரர் ஒருவர் மட்டும்
விளக்கிச் சொன்ன பிறகும் போனை வைக்கவில்லை:
"யாரும் ஓட்டாமயே ஓடுமுன்னா
அப்புறம் மேனேஜர் எதுக்குங்க?"

பதில் என்னிடம் இருந்தது.
சொல்லவில்லை.

சந்தூரில் எங்களுக்கு ஒட்டுமாங்கன்றுப் பண்ணை.
பெங்களூரா, செந்தூரா, மல்கோவா,
கேட்டவருக்குக் கேட்டபடி லாரியேற்றுவோம்.
போன தையில் ஒரு மென்பொருள் வாங்கினோம்.
வாங்கினவர் தொண்ணூறு நாள் திரும்பி வராவிட்டால்
அதுவே ஞாபகம் வைத்து, அதுவே பெயர் போட்டு,
காலை ஆறு மணிக்கு
அதுவே அனுப்பும்.

ஏரியூர் சின்னபையனுக்கும் அனுப்பியது:
"அன்புள்ள சின்னபையன்,
ரொம்ப நாளா ஆளையே காணோமே!
பத்து சதவீதத் தள்ளுபடி உங்களுக்காகக் காத்திருக்கு."

பதிலாக ஒரு குரல் வந்தது. பெண் குரல்.
பின்னால் ஆடு கத்துகிறது.
"அவுரு போயி நாப்பது நாளாச்சுங்க.
அவுரு வெச்ச கன்னு துளுத்துக்கிச்சு.
எத்தன நாளைக்கு ஒருக்கா தண்ணி உடணும்?"

அதற்கும் ஒரு பதில் தயாராக இருந்தது:
"நன்றி! உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்."
கூடவே ஒரு மாம்பழம், சிரித்தபடி.

பதினேழு நாள் கழித்து
ஜிஎஸ்டி கணக்குக்கு எதையோ தேடும்போதுதான்
நான் அதைக் கேட்டேன்.

ஆகவே நேர்காணலுக்கு எழுதி வைத்த
இருபத்திரண்டு கேள்வியையும் அடித்துவிட்டு
அந்தக் குரலை மட்டும் ஓடவிட்டேன்.

ஓசூரிலிருந்து வந்த பிரணேஷிடம்
ஆறு சான்றிதழ் இருந்தது. வெள்ளைப் பலகையில்
அம்புக்குறியாகப் போட்டான்.
"'போயி' என்ற சொல் வந்தால்
அந்த எண்ணைப் பட்டியலில் இருந்து தூக்கிடலாம் சார்."
ஊருக்குப் போனவனையுமா என்று கேட்டேன்.
அதற்கு இன்னொரு அம்பு போட்டான்.

தௌலத் பேகம் இரங்கல் செய்தி எழுதிக் காட்டினார்.
நல்ல தமிழ். எனக்கே தொண்டை அடைத்தது.
பெயர் வரும் இடத்தில் மட்டும்
ஒரு வெற்றுப் பெட்டி.

பர்கூர் முனிலட்சுமி இரண்டு தரம் கேட்டாள்.
"எத்தனை நாளைக்கு ஒருக்கா சார்?"
எதும்மா?
"தண்ணி."
செம்மண்ணுன்னா ரெண்டு நாளைக்கு ஒருக்கா,
வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, என்றேன்.
தன் போனை எடுத்துக்கொண்டு
மாடிப்படிக்குப் போனாள்.
சிக்னல் அங்கேதான் கிடைக்கும்.
பதினோரு நிமிடம். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்து சொன்னாள்:
"நாலுல ஒண்ணு பட்டுப்போச்சாம். மூணு நிக்குது.
கேள்வி கேட்டு வர்ற எதுவும்
இனிமே மெஷின் கிட்ட தங்கக்கூடாது சார்.
ஒன்பது மணிக்குள்ள ஆள் கைக்கு வரணும்.
அப்படி வேணும்னா நான் வரேன்.
சம்பளம் நாப்பத்தெட்டு."

முப்பத்திரண்டுதான் எங்கள் கணக்கு.
முப்பத்தைந்து என்றேன். முப்பத்தெட்டு என்றேன்.
கன்று விற்றுப் பழகிய வாய்.
அவள் பையின் ஜிப்பை மூடினாள்.
நாற்பத்தெட்டு என்றேன்.

அன்று மாலை ஆறு மணிக்கு
வேலை விளம்பரம் போட்ட அதே மென்பொருள்
விண்ணப்பித்த எல்லாருக்கும் கடிதம் அனுப்பியது.
'வருந்துகிறோம், தங்கள் தகுதி பொருந்தவில்லை.'
முனிலட்சுமிக்கும் சேர்த்து.

ஆறு இரண்டுக்கு அவள் போன்:
"சார், இதைத்தான் முதல்ல நிறுத்தணுமா?"
சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

ஆறு ஐந்துக்கு
சிங்காரப்பேட்டைக்காரர்:
"பரவால்லங்க.
ஆமா, நான் எப்பங்க அப்ளிகேசன் போட்டேன்?"